ஐந்தாவது இலை

1

மாலா யார் என்று கேட்டு ஊரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது.

"அட்டவணையில் ஐந்தாவதாக உள்ள மாலா என்பவருக்கு நேரே உறவுமுறைக் கட்டம் காலியாக உள்ளது. உறவுமுறை வரைபடத்திலும் இவர் இடம்பெறவில்லை. இரண்டையும் சரிசெய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி உதவவும். இதழ் அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது."

அனுப்பியது ஒரு மானுடவியல் இதழ். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரித் துறையிலிருந்து வருகிறது. மேற்கு மலைகளையும் அதன் அடிவார ஊர்களையும் பற்றி மட்டும் கட்டுரை வாங்குவார்கள், தமிழிலும் வாங்குவார்கள். நான் அதைப் படித்தது நார்வேயில், பெர்கன் நகரத்தில், வேலைக்குப் போகும் பஸ்சுக்குக் காத்து நின்றபோது. மழை பெய்துகொண்டிருந்தது. இந்த ஊரில் மழை பெய்தது என்று எழுதுவதே வீண், பெய்யாத நாளைத்தான் சொல்ல வேண்டும்.

கேட்டவர்கள் மேல் தப்பு இல்லை. காலியாக ஒரு கட்டம் இருந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் என்னவென்று பதில் எழுதுவது? மாலா என்று யாரும் இல்லை. அப்படி ஒருத்தி பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. பேர் வைத்தது என் மகள். சோறு போடுவது என் அப்பா. கூப்பிட்டது நான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு செத்தவளை உண்டாக்கிவிட்டோம்.

2

நான் பெரிய ஆய்வாளர் என்று நினைத்துவிட வேண்டாம். மானுடவியல் படித்தேன், முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன், கல்யாணம் ஆனது, விமானம் ஏறினேன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இதழின் இணையப் படிவத்தில் 'நிறுவனம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'தனி ஆய்வாளர்' என்று போட்டேன். அது சிவப்புக் கோடு காட்டித் திருப்பி அனுப்பியது. கடைசியில் முதியோர் இல்லத்தின் பெயரையே போட்டேன். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னச் சட்டம் உண்டு. அதில் பெயர் அட்டையைச் செருகி வைப்போம். யாராவது இறந்தால் அட்டையை உருவி எடுப்பது அன்றைக்கு வேலையில் இருப்பவர் பொறுப்பு. அடுத்த ஆள் வருகிற வரைக்கும் அந்தச் சட்டம் வெறுமையாக இருக்கும். எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன், இன்னும் அந்த வெறும் சட்டத்தைத் தாண்டிப் போகும்போது நடையை எட்டிப் போடுகிறேன்.

வந்த புதிதில் பாஷை சரியாக வராது. ஒரு கிழவி இறந்த அன்று, அவர் மகனிடம் 'காலமாகிவிட்டார்' என்று சொல்வதற்குப் பதில் 'வெளியே போயிருக்கிறார்' என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் போய்த் தேடினார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் செத்தவர்களைப் பற்றி அப்படித்தான் பேசுவோம். வெளியே போயிருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

3

எங்கள் வீடு நீலகிரியில், குந்தா பக்கம், பிக்கட்டிக்கு மேலே. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, மலைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் தேயிலை. அப்பா ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் வேலை பார்த்தார். அவர்கள் மலைக்கு வந்த பிறகு பிறந்தவள் நான்.

வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதான். ஆனால் அப்பா என்னைக் கூப்பிடுவது 'சின்னவளே' என்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர், "அப்போ பெரியவ எங்க படிக்கிறா?" என்று கேட்டார். வீட்டில் வந்து சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியவள் புஷ்பம். நாலு வயதில், பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில், காய்ச்சலில் போய்விட்டாள். தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டு, வருஷத் திதி கூடக் கும்பிடாமல் கப்பல் ஏறினார்கள். குடும்பப் பாஸ்போர்ட்டில் அவள் பேரை எழுதியிருந்தார்களாம். செத்துப் போனாள் என்று சொன்னதும் ஆபீசில் கோடு போட்டு அடித்துவிட்டார்களாம். பிறந்ததற்கும் பதிவு கிடையாது. அப்பாவின் தாய் தகப்பன் எங்களோடு வந்து, இங்கே மலையில் அடங்கினார்கள். அம்மாவும் இங்கேதான். அந்தப் பக்கம் மண்ணில் கிடப்பது எங்கள் ஆட்களில் அவள் ஒருத்திதான்.

தீபாவளிக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததும் செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் பழக்கம். அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்தது. ஆளுக்கு ஓர் இலை. அவரவருக்குப் பிடித்தது அவரவர் இலையில். விளக்கேற்றி, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் சாப்பிடும்போது உயிரோடிருப்பவர்கள் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம்.

புஷ்பத்தைக் கடைசியாகக் கூப்பிடுவார்கள். அவளுக்குத் தேங்காய் ரொட்டி, சம்பல், ஒரு பணிஸ். பன் என்பதை அப்பா இன்றைக்கும் பணிஸ் என்றுதான் சொல்வார், பேக்கரியில் புதுப் பையன்கள் முழிப்பார்கள். அவளைக் கூப்பிட்ட பிறகு அம்மா கதவைச் சாத்த விடமாட்டாள். பனி வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வரும். விளக்கு இரண்டு தரம் அணையும். எனக்குப் பல் கிட்டும். "சாத்தும்மா" என்றால், "இரு, இன்னும் நேரமிருக்கு" என்பாள். அம்மா போன பிறகு அப்பாவும் அதே மாதிரி நிற்க ஆரம்பித்தார்.

அந்தத் திறந்த கதவுதான் என் சின்ன வயது. வெளியே தேயிலை, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாத வெள்ளை, அதற்குள்ளிருந்து என்னைவிடச் சின்ன ஓர் அக்கா வரப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நிற்பது. பயமாக இருக்கும். வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன், வராமல் போனால் அம்மா அழுவாளே என்றும் இருக்கும்.

4

இந்தப் படையலைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். கப்பலில் வந்தவர்கள் கடலுக்கு அப்பால் விட்டுவந்த பிணங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது விஷயம். விடுமுறைக்குப் போனபோதெல்லாம் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்தேன். நடுவில் அப்பாவின் வீடு.

கட்டுரை எழுதுவது பாதி வேலை. இதழுக்கு ஏற்றபடி அதை உரிப்பது மீதி வேலை. மதிப்பிடுகிறவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது, ஆகவே முதலில் என் பேரை எடுத்தேன். கோப்பின் உள்விவரத்திலும் எடுக்கச் சொன்னார்கள், அங்கேயும் எடுத்தேன். 'என் அப்பா' என்றிருந்த இடமெல்லாம் 'தகவலாளி' ஆனார். 'எங்கள் வீடு' 'ஒரு குடும்பம்' ஆனது. படித்துப் பார்த்தால் நானே அந்த ஊருக்குப் போனதில்லை போல இருந்தது.

அடுத்தது மற்றவர்கள் பேர். கட்டுரையில் வரும் எல்லாருக்கும் மாற்றுப் பேர் வைக்க வேண்டும் என்பது விதி. அப்பாவிடம் போனில் சொன்னேன். தேயிலைத் தோட்டத்தில் லேட்டாக வந்தால் அன்றையச் சம்பளம் போய்விடும், அதற்குப் பேர் வெட்டுவது என்று பெயர். அப்பா அதைத்தான் சொன்னார்.

"அங்கயும் பேர வெட்டிட்டாங்களா?"

"வெட்டலப்பா. மாத்தி வைக்கணுமாம். ஆளுங்களுக்குப் பாதுகாப்பு."

"புஷ்பத்துக்கு இனி என்னா பாதுகாப்பு? ஒரு எடத்துலயாவது அவ பேரு அச்சுல வரட்டுமேன்னுதான் நான் ஒனக்கு எல்லாத்தையும் சொன்னேன். இல்லாட்டி எனக்கென்னா வேல, செத்தவங்க கதையச் சொல்லிக்கிட்டு?"

அவருக்கு இந்தக் கட்டுரையிலிருந்து வேண்டியது அந்த ஒரு சொல்தான். அதைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. விதியை விளக்கினேன். "ம்" என்றார். அந்த 'ம்' எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதற்கு மேல் பேச முடியாது.

எனக்கே மனசு வரவில்லை, மாற்றுப் பேர் எதுவும் தோன்றவில்லை. சாப்பாட்டு மேசைக்கு எதிரே என் மகள் இனியா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. தமிழ் புரியும், பேசச் சொன்னால் பல் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

"ஒரு சின்னப் பொண்ணுக்குத் தமிழ்ப் பேர் ஒண்ணு சொல்லு" என்றேன்.

"மாலா" என்றாள், தலையைத் தூக்காமல்.

ஏன் மாலா என்று கேட்டேன். தெரியாது, ஏதோ ஞாபகம் வந்தது என்றாள். கட்டுரை முழுக்கப் புஷ்பத்தைத் தேடி மாலாவாக மாற்றினேன். கணினிக்கு அது ஒரு நொடி வேலை.

5

தகவல் தந்தவர்களிடம் கட்டுரையைப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், இது இன்னொரு விதி. எனக்கு வேலை முறை மாறி மாறி வரும். ஒழிந்த ஒரு மதியம் கிடைத்தபோது அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். போன வருஷம் அது. அங்கே பொழுது சாய்ந்துவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள்.

அப்பா போனை டீத்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்திருந்தார். நாலு இலை போட்டாகிவிட்டது. விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. "நீ படி, நான் கைவேலையப் பாத்துக்கிட்டே கேக்குறேன்" என்றார்.

படித்தேன். அவர் ரொட்டியை எடுத்து வைத்தார், தண்ணீர் தெளித்தார், நடுநடுவே "ஆமா", "சரிதான்" என்றார். தாத்தாவையும் ஆத்தாவையும் அம்மாவையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதை நான் எழுதவில்லை, பொதுவாகத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் கடைசி அழைப்பை மட்டும் அப்படியே எழுத்தில் கொண்டுவந்திருந்தேன். கட்டுரையின் உயிரே அதுதான் என்று எனக்கு ஒரு பெருமை. நல்ல ஏற்ற இறக்கத்தோடு, அப்பா கூப்பிடுகிற மாதிரியே படித்தேன்:

"மாலா, வா தாயி, வந்து குந்து, சாப்புடு."

அப்பா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தார்.

"யாரக் கூப்புட்ட?"

"கட்டுரையில இருக்கிறதைப் படிச்சேன்ப்பா. புஷ்பத்துக்குப் பதிலா…"

"வெளக்கு எரியிது. கதவு தொறந்திருக்கு. எல போட்டிருக்கு. யாரக் கூப்புட்ட நீ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கேற்றிய பிறகு வாயிலிருந்து வரும் எந்தப் பேரும் அழைப்புதான் என்று அதே கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் உயிரோடிருப்பவர்களைப் பேர் சொல்லிக்கூடப் பேசமாட்டோம். அம்மா இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள். இந்தத் தப்பை வெள்ளைக்கார ஆய்வாளர்கள் யாரும் செய்ய முடியாது, அவர்களுக்கு அந்த நேரமும் வாய்க்காது அந்தப் பாஷையும் வராது. எங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, எங்களைப் பற்றியே கட்டுரை எழுதினால்தான் இப்படி ஒரு தப்பு பண்ண முடியும்.

"அது சும்மா ஒரு பேருப்பா. அப்படி யாரும் கிடையாது."

"கூப்புட்டாச்சு. வந்தவ வாசல்ல நிப்பா. எல இல்லன்னா எங்க போவா?"

திட்டவில்லை. எழுந்து போய் இன்னோர் இலை கொண்டுவந்து புஷ்பத்தின் இலைக்குப் பக்கத்தில் போட்டார். இவளுக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? எல்லா இலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்தார். பணிஸ் ஒன்றுதான் இருந்தது, பிட்டுப் பாதி வைத்தார். பிறகு தாத்தாவிலிருந்து ஆரம்பித்து எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டார். கடைசியில் புஷ்பம். அதற்குப் பிறகு கொஞ்சம் நின்று, "மாலா" என்றார்.

அன்றைக்கு அவர் கதவைச் சீக்கிரமே சாத்தினார். வழக்கம்போல் நிற்கவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாத்திவிட்டு வெளியே போனவர் போனை மறந்துவிட்டார். என் கையில் அந்த அறை அப்படியே இருந்தது. ஐந்து இலை, ஒரு விளக்கு, ஆளில்லாத வீடு. பார்க்கக் கூடாததை ஆயிரக்கணக்கான மைலுக்கு இப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அணைத்திருக்க வேண்டும். விரல் போகவில்லை. கதவு சாத்தியிருந்தும் விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. சட்டென்று போனை மேசைமேல் கவிழ்த்தேன்.

"யாரைப் பாக்குறே?" என்று கேட்டுக்கொண்டு இனியா வந்தாள்.

"யாரையும் இல்ல" என்றேன்.

6

அந்தக் குளிர்காலம் நன்றாக இல்லை. மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊரில் ஒரு பேர் மட்டும் தலைக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மாடிப்படியில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு, ஆள் வராமலே எரிந்து அணையும். பழைய வயரிங் என்று கணவர் சொன்னார். இருக்கலாம். நாங்கள் மூன்று பேர், நான் நாலு தட்டு வைத்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. இனியா அதை எடுத்து அடுக்கில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்காருவாள். ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, நான் வேற பேர் சொல்லியிருக்கலாம்."

"உன் மேல என்ன தப்பு?"

"எனக்குத் தெரியல. அவளுக்கு ஒண்ணுமே இல்ல, பேர் மட்டும்தான் இருக்கு. அது பாவமா இருக்கு."

இத்தனை நீளமாக அவள் தமிழில் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

மதிப்பீடு வந்தது. முதலாமவர் பாராட்டியிருந்தார். இரண்டாமவர், தகவலாளிக்கும் ஆய்வாளருக்கும் இடையில் தேவையான விலகல் இல்லை என்று குறைப்பட்டிருந்தார். பெற்ற தகப்பனிடம் எவ்வளவு விலகி நிற்பது? கடல் தாண்டி நிற்கிறேன், போதாதாம். முணுமுணுத்துக்கொண்டே அவர் கேட்ட திருத்தங்களைச் செய்தேன்.

பிறகு இதழின் துணையாசிரியர் போனில் வந்தார். நல்ல மனுஷி, கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்க மேடம், அந்தக் கொழந்தை பேரை மாத்திட்டீங்கன்னு குறிப்புல போட்டிருக்கீங்களே. உசுரோட இருக்கறவங்களுக்குத்தான் மாத்தோணுமுங்க. செத்தவங்களுக்குக் குடும்பத்துல சம்மதிச்சாங்கன்னா நெசப் பேரையே போட்டுக்கலாம். அப்பா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருன்னா போதுமுங்க."

இதை முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாலாவே வந்திருக்க மாட்டாள்.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"புஷ்பம்னே போடலாமாம். புத்தகத்துல வரும்."

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நெசமாவா? கோடு போட்டு அடிக்க மாட்டாங்களே?"

"அடிக்க மாட்டாங்கப்பா."

"ஒங்கம்மா இருந்திருக்கணும்."

நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிப்பா, மாலாவ எடுத்துட்டு அந்த எடத்துல எல்லாம் புஷ்பம்னு மாத்திடுறேன்" என்றேன்.

"மாலாவ எதுக்கு எடுக்குற?"

"அது பொய்ப் பேருப்பா. இனி அது தேவையில்ல."

"தேவையில்லன்னு சொல்றதுக்கு நீ யாரு? போன தீவாளிக்கு வந்து சாப்புட்டுப் போன புள்ள. அவ பாட்டுக்கு இருக்கட்டும்."

வாதாடிப் பார்த்தேன். ஆய்வுக் கட்டுரையில் இல்லாத ஆளை எப்படிப் போடுவது என்றேன். "நான் எல போடுறேனா இல்லையா? அதப் போடு" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த வீட்டில் ஐந்து இலை போடப்படுகிறது. நாலு என்று எழுதினால்தான் பொய்.

ஆகவே அழைக்கப்படுகிறவர்கள் அட்டவணையில் ஐந்து பேரைப் போட்டேன். நாலாவது புஷ்பம், மகள். ஐந்தாவது மாலா. உறவுமுறைக் கட்டத்தில் கை நின்றது. காலியாக விட்டு அனுப்பிவிட்டேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஓர் அசட்டு நம்பிக்கை.

7

கவனித்துவிட்டார்கள். அந்த மின்னஞ்சல்தான் முதலில் சொன்னது.

வேலையிலிருந்து வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். இந்த வருஷப் படையல் மறுநாள். மனிதர் அப்போதுதான் பிக்கட்டிக் கடைக்குப் போய்விட்டு ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இரண்டு பணிஸ். ஒரு பொட்டலம் வர்க்கி, ஊட்டிப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்.

"வர்க்கி யாருக்குப்பா?"

"மாலாவுக்குத்தான். என்னா புடிக்கும்னு தெரியல. இதக் கடிச்சுப் பாக்கட்டும்."

"அப்பா, மாலா நமக்கு என்ன முறைன்னு கேக்குறாங்க."

"இது என்னா கேள்வி? மக."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

"அப்பா, இது அச்சுல வரப்போவுது. விளையாட்டில்ல. அப்படி ஒரு மக உங்களுக்குப் பொறக்கல."

அப்பா வர்க்கிப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் குரல் இறங்கிப் போனது.

"சின்னவளே, புஷ்பத்துக்கு நாலு வயசு. லயத்துக் காம்பராவத் தவிர ஒண்ணும் தெரியாது, அடுத்த வீட்டுக்குக்கூடத் தனியாப் போக மாட்டா, பயந்துக்குவா. அவள அங்க வச்சிட்டு நாங்க கப்பல் ஏறிட்டோம். வருசா வருசம் கூப்புடுறேன். கடலத் தாண்டி, இந்த மலை ஏறி, பனிக்குள்ள, பாத்தே இல்லாத ஒரு வீட்டுக்கு எப்பிடி வருவா? அவ வாராளா, நடுவழியில நின்னு அழுறாளான்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்ல. ஒங்கம்மா ஏன் கதவச் சாத்த வுடலன்னு நெனச்ச? கைப்புடிச்சுக் கூட்டியார அந்தப் பக்கம் நம்மாளு யாரு இருந்தா?"

அப்பா மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ தெரிஞ்சு கூப்புட்டியோ தெரியாமக் கூப்புட்டியோ, ஒருத்தி வந்துட்டா. போன வருசந்தான் நான் கதவ நேரத்தோட சாத்துனேன். மனசு கேட்டுச்சு. ரெண்டு பேரா வந்துருவாங்கன்னு ஒரு தைரியம்."

அந்த அவசரமாகச் சாத்திய கதவை ஒரு வருஷமாகக் கோபம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, படிவம் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"மூத்தவளாப்பா, எளையவளா?"

"மூத்தவதான். எளையவ எப்பிடிக் கூட்டியாருவா?"

8

உறவுமுறை வரைபடத்தைத் திறந்தேன். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு மேலே ஒரு சாய்கோடு. அப்பா அம்மாவின் கீழே இரண்டு வட்டங்கள் இருந்தன. கோடு போட்டது புஷ்பம், கோடில்லாதது நான். மூத்தவர் இடது பக்கம் இருக்க வேண்டும் என்பதால் இரண்டு வட்டங்களையும் வலது பக்கம் தள்ளினேன். இடது ஓரத்தில் ஒரு புது வட்டம் வரைந்து, அதற்கும் கோடு போட்டேன். பிறந்ததிலிருந்து இரண்டாவது மகளாக இருந்தவள், ஒரு விநாடியில் மூன்றாவது ஆனேன். வினோதம், எனக்கே பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்த மாதிரி இருந்தது.

அட்டவணையில் மாலாவுக்கு நேரே 'மகள்' என்று தட்டினேன். கீழே ஒரு குறிப்பு சேர்த்தேன்: "படையல் நேரத்தில் இக்கட்டுரையின் முந்தைய வரைவு உரக்கப் படிக்கப்பட்டபோது அழைக்கப்பட்டவர். குடும்பத் தலைவர் இவரை மூத்த மகளாகக் கொள்கிறார்." இரண்டாம் மதிப்பீட்டாளர் இதைப் படித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொள்ளட்டும்.

தரவுகள் அனைத்தும் உண்மை என்று உறுதி கூறும் சதுரம் ஒன்று கடைசியில் இருந்தது. முதல் தடவை அனுப்பியபோது அதில் டிக் போடக் கை கூசியது. இப்போது கூசவில்லை.

இனியா பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். வட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள்.

"அப்போ எனக்கு ரெண்டு பெரியம்மாவா?"

"ஆமா."

"பெரிய பெரியம்மாவுக்கு நான்தான் பேர் வச்சேன்" என்றாள். அவள் முகத்தில் பல்வலி இல்லை.

மறுநாள் மதியம் நாங்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தோம். நான் எதுவும் படிக்கவில்லை, இருமக்கூட இல்லை. ஐந்து இலை. விளக்கு. திறந்த கதவுக்கு வெளியே பனி இறங்கி நின்றது. அப்பா தன் தகப்பனைக் கூப்பிட்டார், தாயைக் கூப்பிட்டார், அம்மாவைக் கூப்பிட்டார். பிறகு வாசலில் போய் நின்றார். இந்தத் தடவை வரிசையை மாற்றினார்.

"மாலா, தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வா தாயி. வழுக்கும், மெதுவாக் கூட்டியா."

அப்புறம், "புஷ்பம், அக்கா கையப் புடிச்சிக்க" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். இந்தத் தடவையும் போனை மறந்துதான் போயிருந்தார். இனியா கையை நீட்டி எங்கள் மேசையிலிருந்த என் போனைக் கவிழ்த்து வைத்தாள்.